சொத்து வரிச் சீட்டில் தொகை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொத்து வரி உயர்வு பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகளும் வாசகர் கடிதங்களும் வெளிவருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வரி கூடிவிட்டது என்ற வருத்தத்தைச் சொல்பவை. என் கடிதம் அதைப் பற்றியது அன்று. தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் பணம் வேண்டும் என்பதும், அந்தப் பணம் வீட்டு உரிமையாளர்களிடமிருந்துதான் வரவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பத்தோராண்டு கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். கடன் வாங்கியவரிடம் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டால் அன்று மாலைக்குள் அதைச் சரிசெய்யாமல் பேரேட்டை மூடக்கூடாது என்று பழக்கப்பட்டவன். அந்தப் பழக்கத்தினால்தான் இதை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர் மாநகராட்சி, கிருஷ்ணகிரி நகராட்சி, காவேரிப்பட்டணம், பர்கூர், ஊத்தங்கரை போன்ற பேரூராட்சிகள் எனப் பல நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. என் வீடு இவற்றுள் எதன் எல்லையில் இருக்கிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை. ஓர் அலுவலகத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நான் கண்ட குறை ஓர் ஊரோடு நிற்பதும் அன்று.

என் தந்தையார் 1987-இல் கட்டிய வீடு எங்களுடையது. கீழ்த்தளம் 980 சதுர அடி, மாடி 500 சதுர அடி, ஆக 1,480. 2024 மார்ச் மாதத்தில், மறைந்த தந்தையாரின் பெயரிலிருந்து என் பெயருக்கு வரிவிதிப்பை மாற்றுவதற்காக அலுவலகத்துக்குச் சென்றேன். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டுமென்று, கணினித் திரையில் தெரிந்த விவரத்தை அச்செடுத்து என் கையில் கொடுத்தார்கள். அந்தத் தாளில் வரிவிதிப்பு எண், வார்டு எண், தெருப் பெயர் எல்லாம் சரியாக இருந்தன. கட்டடப் பரப்பு என்ற இடத்தில் 1,840 என்று இருந்தது. நான்கும் எட்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

அதுவரை நான் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் தொடக்கத்திலும் அக்டோபர் தொடக்கத்திலும், ஒரு தவணைகூடத் தவறாமல் வரி கட்டி வந்தவன். எல்லா ரசீதுகளும் என்னிடம் உள்ளன. அவற்றில் ஒன்றில்கூடப் பரப்பளவு அச்சிடப்பட்டதில்லை. தொகை இருக்கும், நிலுவை இருக்கும், அரையாண்டு இருக்கும். பெயர் மாற்றத்துக்காகப் போயிராவிட்டால், இந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியது என் பேரன் காலம்வரை யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்தப் பிழையால் என்ன நேர்ந்தது என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். சென்னை நீங்கலான தமிழக நகரங்களில் சொத்து வரிக்கான பொதுச் சீராய்வு 2008-இல் நடந்தது. 2018-இல் அறிவிக்கப்பட்ட உயர்வு 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. அதன் பிறகு 2022 ஏப்ரலிலிருந்துதான் வரி உயர்ந்தது. அந்த உயர்வு வீட்டின் பரப்பளவைப் பொறுத்தது: சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடு, 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடு, 1,800-க்கு மேல் போனால் 100 விழுக்காடு. 2008-இல் எங்கள் வீட்டுக்கு நிர்ணயித்த அரையாண்டு வரி 1,110 ரூபாய். அது 1,480 சதுர அடிக்குக் கணக்கிடப்பட்ட சரியான தொகை. கைப்பதிவேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றியபோது பரப்பளவு பிழையாகிவிட்டது. ஆனால் வரித் தொகை அப்படியே ஏறியதால் பல ஆண்டுகள் யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. பிழை அங்கே சும்மா உறங்கிக்கொண்டிருந்தது. 2022-இல் பரப்பளவைப் பார்த்து விழுக்காட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை கணினிக்கு வந்தபோது அது விழித்துக்கொண்டது. 1,840 என்று பார்த்த கணினி என் வரியை இருமடங்காக்கி 2,220 ரூபாய் என்றது. 1,480 என்று பார்த்திருந்தால் 75 விழுக்காடு கூடி 1,942 ரூபாய் 50 காசு என்றிருக்கும்.

அரையாண்டுக்கு 277 ரூபாய் 50 காசு. 2022-23, 2023-24 ஆகிய இரு ஆண்டுகளின் நான்கு அரையாண்டுகளுக்கு 1,110 ரூபாய். பழைய வரியின் ஒரு தவணைக்குச் சமமான தொகை இது என்பது தற்செயல்தான் என்றாலும், ஒரு தவணையைக் கூடுதலாகவே கட்டியிருக்கிறேன் என்று என் மனைவியிடம் எளிதாகச் சொல்ல முடிந்தது. இதற்காகவா இத்தனை நடை என்று அவர் கேட்டார். தொகை சிறியதுதான், ஒரு மூட்டை நல்ல அரிசிகூட வராது. ஆனால் வரி இப்போது ஆண்டுதோறும் 6 விழுக்காடு உயரும்படி வகுக்கப்பட்டிருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கான மானியத்தைச் சொத்து வரி வளர்ச்சியோடு பிணைத்துவிட்டதன் விளைவு அது. பிழையும் அதே வீதத்தில் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளரும். பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிக்கும். முன்பு உறங்கிக் கிடந்த பிழைகளெல்லாம் இனி வட்டியோடு வளரப் போகின்றன என்பதைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன்.

இந்த அடுக்கு முறையைப் பற்றி ஒரு வார்த்தை. வருமான வரியில் ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமே கூடுதல் விகிதம். இங்கே அப்படியில்லை, 1,801 சதுர அடி வீடு முழுவதற்கும் 100 விழுக்காடு, 1,800 சதுர அடி வீடு முழுவதற்கும் 75 விழுக்காடு. எனவே வரம்பின் ஓரத்தில் இருக்கும் வீடுகளில் அளவுநாடா இரண்டு விரற்கடை நகர்ந்தாலும் வரி தாவிவிடும். சுவரின் வெளிப்புறத்திலிருந்து அளந்தார்களா, உட்புறத்திலிருந்து அளந்தார்களா, மாடிப்படி அறையைச் சேர்த்தார்களா, திறந்த போர்டிகோவைச் சேர்த்தார்களா என்பதெல்லாம் இங்கே வெறும் நுணுக்கமன்று, பணம்.

நான் மனு எழுதினேன். வரைபட நகல், பத்திர நகல், நானும் என் மகனும் நாடா வைத்து அளந்து போட்ட கோட்டுப்படம் ஆகியவற்றை இணைத்தேன். இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். 2011-இல் பின்புறம் பத்தடிக்கு ஆறடியில் தளம் போட்ட ஒரு குளியலறை கட்டினோம்; அதை நாங்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவில்லை. மறந்துவிட்டோம் என்று எழுதலாம். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை என்பதே சரி. அலுவலகத்தின் பிழையைச் சுட்டிக்காட்டும் தாளில் என் பிழையை மறைப்பது முறையாகப் படவில்லை. ஆகவே மனுவில் 1,480 என்று எழுதாமல், 60 சேர்த்து 1,540 சதுர அடி என்றே எழுதினேன். அதே விகிதத்தில் கணக்கிட்டால் அந்த 60 சதுர அடிக்கு அரையாண்டுக்கு 78 ரூபாய் 75 காசு; நான்கு அரையாண்டுகளுக்கு 315 ரூபாய். அதையும் கழித்துக்கொண்டு 795 ரூபாயைத் திருப்பித் தருமாறு கேட்டேன். மகனுக்கு இதில் உடன்பாடில்லை; "அப்பா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றான்.

முதலில் மனுவை வாங்கிய ஊழியர், "சிஸ்டத்துல என்ன இருக்கோ அதுதான் சார் கணக்கு" என்றார். அவர் தவறாகச் சொல்லவில்லை; அவர் முன்னே இருந்தது அது ஒன்றுதான். மூன்றாவது முறை சென்றபோது இருந்த இளம் வருவாய் உதவியாளர் ஒருவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஆவண அறைக்குள் போய், முக்கால் மணி நேரம் கழித்துத் தலையெல்லாம் தூசியோடு 2008-ஆம் ஆண்டின் தடித்த பதிவேட்டைத் தூக்கி வந்தார். நீல மையில் 1,480 என்று தெளிவாக எழுதியிருந்தது. அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு பில் கலெக்டர் பல வார்டுகளைச் சுமக்கும் நிலையில், அப்படி ஒருவர் முக்கால் மணி நேரம் செலவிட்டது அவருடைய நல்ல குணம். நடைமுறையில் அதற்கு எந்த இடமும் இல்லை. வேறொருவர் அந்த இருக்கையில் இருந்திருந்தால் என் மனு இன்றும் கோப்புக் கட்டுக்குள் கிடக்கும்.

பிழை உறுதியானபின் திருத்தம் எளிதாகிவிட்டது. சிக்கல் தொடங்கியது பழைய பணத்தில். அடுத்த அரையாண்டிலிருந்து சரியாகிவிடும், பழையதை எதிர்பார்க்க வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அதை எழுத்தில் தாருங்கள் என்றேன். எழுத்தில் தர யாரும் முன்வரவில்லை. அதன்பின் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்விகள் கேட்டேன்: என் வரிவிதிப்பு எண்ணுக்கான 2008-ஆம் ஆண்டுப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், கணினிப் பதிவின் நகல், கூடுதலாகப் பெறப்பட்ட வரியைத் திருப்புவதற்கான நடைமுறை ஆணையின் நகல். முதல் இரண்டும் 30 நாளுக்குள் வந்தன. மூன்றாவதற்கு, மனு பரிசீலனையில் உள்ளது என்ற பதில் வந்தது. கேட்டது மனுவின் நிலையை அன்று. மேல்முறையீடு செய்தேன். மொத்தம் ஏழு நடை, பதினொரு மாதம். 2025 பிப்ரவரியில் 795 ரூபாயும் இனி வரும் அரையாண்டுக் கேட்பில் ஈடு செய்யப்படும் என்று ஒரு பக்க உத்தரவு வந்தது. பணமாகக் கிடைக்கவில்லை என்றாலும் கிடைத்ததில் எனக்குக் குறையில்லை.

இப்படி ஈடு செய்வது புதிய ஏற்பாடும் அன்று. 2018-இல் உயர்த்திய வரியை 2019-இல் அரசு நிறுத்தி வைத்தபோது, அதுவரை கூடுதலாகக் கட்டியவர்களின் தொகை வரும் அரையாண்டுகளில் சரிசெய்யப்படும் என்று அரசே அறிவித்தது. இலட்சக்கணக்கான வீடுகளுக்கு மனு இல்லாமலே செய்ய முடிந்த ஒன்றை, மெய்ப்பிக்கப்பட்ட ஒரு வீட்டுக்குச் செய்ய ஏன் பதினொரு மாதம் ஆக வேண்டும்? சட்டத்தின் ஆணையின்றி எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-ஆவது உறுப்பு. இல்லாத பரப்பைக் காட்டி வாங்கிய வரிக்கு எந்தச் சட்டமும் ஆணை தரவில்லை. நான் ஒரு தவணையைத் தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி கேட்கிறார்கள். அவர்களிடம் இரண்டாண்டு தங்கிய என் பணத்துக்கு வட்டி என்ற பேச்சே இல்லை. வட்டி வேண்டுமென்று நான் கேட்கவுமில்லை, ஆனால் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

வரி மதிப்பீட்டை எதிர்த்துக் கேட்பது நம் மக்களுக்குப் புதிதன்று. நம் ஊர்களில் 2023 ஏப்ரல் வரை நடைமுறையில் இருந்தது 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதன் 82-ஆவது பிரிவு, ஒரு கட்டடம் நியாயமாக என்ன வாடகைக்குப் போகும் என்பதைக் கணக்கிட்டு, கட்டடத்துக்குரிய பங்கில் பழுதுபார்ப்புச் செலவுகளுக்காக 10 விழுக்காட்டைக் கழித்து ஆண்டு மதிப்பை நிர்ணயிக்கச் சொன்னது. சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூரில் இதே சட்டம், இதே பிரிவு நடைமுறையில் இருந்தது. அந்த ஊரின் வரி செலுத்துவோர் சங்கத்தார் நகராட்சியின் மதிப்பீட்டை எதிர்த்து வழக்காடினார்கள். நகராட்சி உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வீட்டு உரிமையாளர் பெறக்கூடிய நியாய வாடகைக்கு மேல் மதிப்புப் போட முடியாது என்று 1970-இல் தீர்ப்பு வந்தது. இன்று அந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இல்லை, 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் மதிப்பு என்பது அலுவலகத்தின் விருப்பமன்று, காட்டக்கூடிய ஓர் அடிப்படை அதற்கு வேண்டும் என்று குண்டூர்க்காரர்கள் நிலைநாட்டியது இன்றைக்கும் செல்லும்.

நம் மண்ணுக்கு இதில் இன்னும் பழைய தொடர்பு உண்டு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த பாரமகால் என்பது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கியது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு குடியானவரிடமும் நேரடியாகத் தீர்வை (நிலவரி) பேசிய ரயத்துவாரி முறை இங்கேதான் முளைவிட்டது. அவர்கள் விதித்த தீர்வை கனமானதா இல்லையா என்பது வேறு விவாதம். எந்த நிலத்துக்கு, எவ்வளவு பரப்புக்கு, என்ன தீர்வை என்பது குடியானவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஒழுங்கு அதிலிருந்து வந்தது. அதன் வழிவந்த நிலக் கணக்கான 'அ' பதிவேட்டை இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் புல எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பரப்பு, மண் வகை, தீர்வை எல்லாம் அதில் இருக்கும். ஏக்கருக்குச் சில ரூபாய் தீர்வை உள்ள புன்செய் நிலத்தின் கணக்கை உலகமே பார்க்கலாம்; ஆயிரக்கணக்கில் வரி கட்டும் வீட்டின் கணக்கை அதன் உரிமையாளர்கூடப் பார்க்க முடியாது. இந்த முரண்பாடு எப்படி நம் கண்ணில் படாமல் போயிற்று என்று எனக்கு விளங்கவில்லை.

இங்கிலாந்தில் வசிக்கும் என் மகளிடம் இதைப் பற்றிப் பேசியபோது அங்குள்ள முறையை விளக்கினாள். அங்கே வீட்டு வரிக்கு ஏ முதல் எச் வரை எட்டு வகுப்புகள். 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்து ஒவ்வொரு வீடும் ஒரு வகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வரி 1993-இல் தொடங்கியது. முப்பதாண்டுக்கு முந்தைய விலையை இன்றும் பிடித்துக்கொண்டிருப்பது நகைப்புக்குரியதுதான், அங்குள்ளவர்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம். ஆனால் அண்டை வீடு எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை எவரும் இணையத்தில் பார்க்க முடிவதால், ஒரே மாதிரியான ஐந்து வீடுகளில் தன் வீடு மட்டும் ஒரு படி மேலே இருந்தால் உடனே கேள்வி எழுப்ப முடிகிறது. கேட்பதற்குக் கட்டணமில்லை. வகுப்பு தவறு என்று முடிவானால், குடிவந்த நாள் முதல், தேவைப்பட்டால் 1993 வரை பின்னோக்கிக் கணக்கிட்டுக் கூடுதலைத் திருப்பித் தருகிறார்கள். மறுபரிசீலனையில் வகுப்பு உயர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு. சமயத்தில் அண்டை வீட்டுக்காரரின் வகுப்பும் சேர்ந்து உயர்ந்து, தெருவில் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போவதும் உண்டாம்.

அந்த ஆபத்து இங்கேயும் இருக்கிறது. எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண்மணி இருக்கிறார். அவருடைய கணவர் வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். 2020-இல் கடை மூடப்பட்டது, அடுத்த ஆண்டு அவரும் காலமானார். அந்த அறையில் இப்போது நெல் மூட்டையும் ஒரு பழைய கட்டிலும் கிடக்கின்றன. ஆனால் வரிக் கணக்கில் அது இன்னும் வணிகப் பயன்பாடு. 2022-இல் வீட்டுப் பகுதிக்கு 50 விழுக்காடு உயர்ந்தபோது அந்த அறைக்கு 100 விழுக்காடு உயர்ந்தது. மனு கொடுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்றேன். "எதுக்குண்ணா வம்பு, அளக்க வந்தாங்கன்னா இருக்கறதையும் ஏத்தி விட்டுருவாங்க" என்றார். அவருடைய அச்சத்தை நான் அறியாமை என்று ஒதுக்க மாட்டேன். சீட்டில் கணக்கு இல்லாத வரையில், அளக்க வருபவர் என்ன எழுதிக்கொண்டு போகிறார் என்பது அவருக்குத் தெரியப் போவதில்லை. தெரியாத ஒன்றைக் கண்டு அஞ்சுவது இயல்பு.

அவருடைய நேர்வு என்னுடையதிலிருந்து வேறுபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். என் வீட்டில் நடந்தது அலுவலகப் பிழை. அது பிழை நுழைந்த நாளிலிருந்து திருத்தப்பட வேண்டியது. அவர் வீட்டில் நடந்தது பயன்பாட்டு மாற்றம். கடை மூடிய செய்தியை உரிமையாளர் சொன்னால்தான் அலுவலகத்துக்குத் தெரியும். சொல்லாத காலத்துக்குப் பணத்தைத் திருப்பித் தா என்று கேட்பது கடினம். இந்த வேறுபாட்டை உணராமல் எல்லாவற்றையும் ஒரே மனுவில் போட்டுச் சண்டையிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய நியாயமான பகுதியும் சேர்ந்து அடிபட்டுப் போகிறது. ஆயினும், பயன்பாடு: வணிகம் என்ற ஒரு சொல் அவருடைய அரையாண்டுச் சீட்டில் அச்சாகியிருந்தால், 2020-லேயே அவர் பார்த்திருப்பார், அல்லது பள்ளியில் படிக்கும் அவருடைய மகள் படித்துச் சொல்லியிருப்பாள்.

அலுவலகத்தின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் மேலே செல்ல வழியுண்டு. 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகு அமைந்த நகர்மன்றங்களில் உறுப்பினர்களைக் கொண்ட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்றே ஒரு குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. என் தெருவில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் அப்படி ஒரு குழு இருப்பதே தெரியவில்லை. எங்கள் வார்டு உறுப்பினரும் சற்று யோசித்துத்தான் பதில் சொன்னார். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தவர்களும் உண்டு; அந்த மனு பல மேசைகளைச் சுற்றிக் கடைசியில் எந்த மேசையிலிருந்து கிளம்பியதோ அதே மேசைக்கு வந்து சேர்கிறது.

என்னைப் போல ஐயப்படுபவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம். முதலில் வரியைக் கட்டிவிடுங்கள். நிலுவை வைத்துக்கொண்டு ஆட்சேபம் எழுப்புபவரின் பேச்சு எங்கும் எடுபடாது. ஆட்சேபத்துக்கு உட்பட்டுக் கட்டுகிறேன் என்று ஒரு வரி எழுதி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தபால் பிரிவின் முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டை நீங்களே அளந்து, பரப்பு, தெருவின் மண்டலம், கட்டடத்தின் வகை, வயது, குடியிருப்பா கடையா, சொந்தக் குடியிருப்பா வாடகையா என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு உங்கள் வரிவிதிப்புப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு எந்த இடத்தில் இருக்கிறதோ அதை மட்டும் மனுவில் எழுதுங்கள். வரி அதிகம் என்று பொதுவாக எழுதிய மனு எங்கும் நகராது. கடைசியாக, நீங்கள் தெரிவிக்காமல் கட்டிய தாழ்வாரமோ மாடி அறையோ இருந்தால் அதை முதலில் கூட்டிப் பாருங்கள். கூட்டிய பிறகும் பணம் உங்கள் பக்கம் வருகிறதா என்று தெரிந்துகொண்டு நடையைத் தொடங்குங்கள்.

பத்து ரூபாய் வில்லையும் முத்திரை நகலும் பதினொரு மாதப் பொறுமையும் எல்லாருக்கும் வாய்க்காது. ஓய்வூதியம் வாங்குபவனுக்கு நேரம் இருக்கிறது; மாங்கூழ் ஆலையிலும் கிரானைட் பட்டறையிலும் நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நடை என்பது ஒரு நாள் கூலி. பெங்களூரு வேலைக்காகக் காலை ஐந்து மணிப் பேருந்தைப் பிடிக்கும் ஓசூர்க்காரருக்கு அலுவலக நேரத்தில் ஊரில் இருப்பதே அரிது. அவர்கள் வீட்டுக் கணக்கில் இலக்கம் இடம் மாறியிருந்தால் அதை யார் பார்ப்பார்கள்?

ஆகையால் நகராட்சி நிர்வாகத் துறையிடம் என் வேண்டுகோள் இது. அரையாண்டுக் கேட்புச் சீட்டிலும் இணையவழி ரசீதிலும், தொகைக்கு மேலே, பதிவில் உள்ள பரப்பு, மண்டலம், பயன்பாடு, கட்டட வயது, பொருத்திய விழுக்காடு ஆகிய ஐந்து விவரங்களையும் அச்சிட வேண்டும். இவை ஏற்கெனவே கணினியில் இருப்பவை. புதிதாக எவரையும் அளக்க அனுப்பத் தேவையில்லை, ஒரு தாளும் கூடுதலாகச் செலவாகாது. அலுவலகப் பிழை என்று முடிவானால், திருத்தம் மனு கொடுத்த நாளிலிருந்து அல்லாமல் பிழை வரியைத் தொட்ட நாளிலிருந்து நடைமுறைக்கு வர வேண்டும். கூடுதல் தொகையைத் தனி மனு கேட்காமல் அதே உத்தரவிலேயே அடுத்த தவணையில் ஈடு செய்ய வேண்டும். வீடுகளின் பதிவேட்டை, உரிமையாளரின் பெயரும் கைப்பேசி எண்ணும் நீங்கலாக, 'அ' பதிவேட்டைப் போலப் பொதுவில் வைக்கலாம். அடுத்த வீட்டுக்காரர் பார்த்துப் பொறாமைப்படுவார் என்று ஒரு நண்பர் சொன்னார். பார்த்தால், மறைத்து வைத்த மூன்றாவது மாடிகளும் சேர்ந்து வெளியே வரும், உள்ளாட்சிக்கு அதனால் வருமானம்தான்.

நிற்க. இந்த ஏப்ரலில் திருத்திய வரியைக் கட்டி ரசீது வாங்கினேன். 795 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. பரப்பளவு வழக்கம்போல இல்லை. பெயர் மட்டும் தந்தையாருடையது போய் என்னுடையதாக மாறியிருந்தது. ரசீதின் பின்புறத்தில் 1,540 சதுர அடி, குடியிருப்பு, 75 விழுக்காடு என்று நானே பேனாவால் எழுதி, கோப்பில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.